ஒன்பது நாள் வரக்காப்பி

மடத்தில் பால் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் எல்லோரும் பால் விடாத வரக்காப்பிதான் குடித்தார்கள். ஏன் பால் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்லாங்காட்டுப்புதூர் சாலைப் பிரிவில் இரண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை, அவ்வளவுதான். அங்கே இருந்தவர் நாச்சிமுத்துச் சாமி. பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒருநாள் அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கிளீனர் கையில் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. லாரி முதலாளி வந்து ஒரு மணி நேரம் திட்டிப் பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து அவரே அரிசி மூட்டை அனுப்பத் தொடங்கினார்.

சாமியின் முதல் சீடர் சென்னியப்பன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடிவாங்கிப் படித்தவர்கள். மீதிப் பேர் அடிவாங்கியும் படிக்காதவர்கள். இரு தரப்புமே அவரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் வந்தார். வெளியூர் போயிருந்ததால் ஒன்பது நாளாக அவர் மடத்துப் பக்கம் வரவில்லை. வழக்கம்போல விழுந்து கும்பிடாமல் சுவரோரம் உட்கார்ந்தார். சமையல் பார்க்கும் அங்கமுத்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் இல்லீங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ஒம்பது நாள்ல நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க, வாத்தியாரே," என்றார் சாமி.

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப் போயிற்று.

"சாமி, எனக்கொரு கேள்விங்க."

"கேளுங்க."

"ஒருத்தன் ஒரு பொய்யை உண்டாக்கறான். இன்னொருத்தன் அது பொய்யின்னு தெரியாம அடுத்தவங்களுக்குக் கை மாத்தி விடறான். ரெண்டாவது ஆளுக்கு அந்தப் பாவத்துல எத்தனை பங்குங்க?"

"யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

"நான்தானுங்க."

நடந்தது இதுதான். சென்னியப்பன் தன் செல்போனில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். பெயர் குருவாக்கு. அதன் முகப்பில் சாமியின் படம். தினமும் காலை ஐந்து மணிக்கு, 'குருவே துணை' என்று தொடங்கிச் சாமியின் வாசகம் ஒன்றை அதில் போடுவார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைப் படித்தார்கள்.

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள், எங்கிருந்தோ பன்னிரண்டு விநாடி வீடியோ ஒன்று அவருக்கு வந்தது. ஒரு கை பால் கேனுக்குள் வெள்ளைப் பொடியைக் கொட்டுகிறது. முகம் தெரியவில்லை. கீழே, 'பால்கார வேட்பாளரின் லட்சணம் பாரீர், குழந்தை வைத்திருப்பவர்கள் உஷார்' என்று எழுதியிருந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தத் தேர்தலில் நின்ற ஒரே பால்காரி மரகதம்தான். வீடுகளில் பால் எடுத்து டவுன் டீக்கடைகளுக்கும் மடத்துக்கும் கொடுப்பவள். எட்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வருவது ஏன் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்கப் போய், பதில் கிடைக்காததால் தானே தேர்தலில் நின்றவள்.

சென்னியப்பன் அந்த வீடியோவைக் குருவாக்கில் போட்டார். கை பழக்கத்தில் மேலே 'குருவே துணை' என்று எழுதினார். அடியில், 'எனக்கு வந்ததை அப்படியே பகிர்கிறேன், உண்மை எது என்று அவரவர் சிந்திக்கவும்' என்று சேர்த்தார். அந்தக் கடைசி வரியை எழுதியபோது தான் ரொம்ப நியாயமாக நடந்துகொள்வதாக அவருக்குப் பட்டது.

மரகதம் முப்பத்தேழு ஓட்டில் தோற்றாள்.

"பொய்யின்னு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார் சாமி.

"முந்தாநாளுங்க. பெங்களூர்ல இருக்கற என்ற பழைய மாணவன் ஒருத்தன் போன் பண்ணினான். அதே வீடியோ போன வருசம் வடக்க ஒரு மிட்டாய்க் கடைக்காரன் பேர்ல சுத்துச்சாமா. அதுக்கு முன்னால ஏதோ ஒரு விடுதி பேர்ல. அந்தக் கேன் மேல ஹிந்தியில எழுதியிருக்குதுங்க. நான் பாக்கல. ஆருமே பாக்கல."

"அப்பறம்?"

"மேற்கண்ட காணொளி தவறானதுன்னு குழுவுல போட்டேனுங்க. ஏழு பேர் கும்புடு போட்டாங்க. ஒருத்தர், 'நன்றி ஐயா, இனிய காலை வணக்கம்'னு போட்டாரு. அதோட செரி."

சாமி சிரிக்கவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"அங்கமுத்து, பாலை எதுக்கு நிறுத்துன?"

அங்கமுத்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தான். "சாமிதானுங்க சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"குருவாக்குல வந்துச்சுங்களே. சாமி படம் போட்டு."

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியா?"

"சாமி சொன்னதச் சாமிகிட்டவே எப்படிங்க கேக்கறது? அதுவுமில்லாம மறுநாள் வரக்காப்பி குடுத்தேன். சாமியும் ஒண்ணும் சொல்லாமக் குடிச்சீங்க. அப்பச் செரிதான்னு விட்டுட்டேனுங்க."

சாமி தன் டம்ளரைப் பார்த்தார். "தினமும் பாலைக் காச்சறவன் நீ. நீ நிறுத்துனா ஏதோ இருக்கும்னு நெனச்சுத்தான் நான் கேக்கல."

டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"வேற ஆருகிட்டயாச்சும் சொன்னியா?"

"சொல்லலீங்க," என்றான் அங்கமுத்து. பிறகு குரல் இறங்கிற்று. "மளிகைக் கடையில கேட்டாங்க, அந்த வீடியோ நெசமான்னு. மடத்துலயே நிறுத்தியாச்சுன்னு மட்டும் சொன்னேனுங்க."

சென்னியப்பன் தலை நிமிர்ந்தார். பழியில் இன்னும் இரண்டு பேர் பங்குக்கு வந்ததில் அவருக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து மறுகணமே அவர் உடம்பு கூசியது.

"வாத்தியாரே, அந்தப் போனை எடுங்க. குருவாக்குல ஏதாச்சும் ஒண்ணு படிங்க."

"எதைங்க?"

"எது வேணா."

சென்னியப்பன் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்திப் படித்தார். "'பொறுமை என்பது காத்திருப்பது அல்ல. காத்திருக்கும்போது கசக்காமல் இருப்பது.'"

"நல்லா இருக்குது. எப்பப் போட்டது?"

"மாசி மாசம் பதினாலுங்க."

"மாசி பதினாலு எனக்கு வலது பக்கம் கடவாய்ப் பல்லுல வலி. கன்னம் வீங்கி அஞ்சு நாள் வாயே தொறக்கல. நீங்கதான் கிராம்பு வாங்கியாந்து குடுத்தீங்க."

சென்னியப்பன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. வகுப்பில் எத்தனையோ பையன்களின் காது அப்படிச் சிவந்ததை அவர் பார்த்திருக்கிறார். தன் காது அவருக்கு அன்றைக்குத்தான் சுட்டது.

"சாமி தினமும் பேசறதில்லீங்க," என்றார் மெதுவாக. "அஞ்சு மணிக்கு எல்லாரும் எதிர்பாத்துட்டு இருப்பாங்க. அதனால நானே எழுதிப் போடுவேன். நல்லதுதானுங்களே எழுதினேன்?"

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா."

"எனக்குத் தெரியும்," என்றார் சாமி.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"போன ஐப்பசியில திருப்பூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. நீங்க எழுதுன ஒண்ணைச் சொல்லி, அதனாலதான் சாமி பிரிஞ்சிருந்த அண்ணந்தம்பி சேந்தோம்னு காலப் புடிச்சு அழுதாங்க. நான் சொல்லலைன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொல்லல. தலைய ஆட்டுனேன். எனக்கு நல்லா இருந்துச்சு, வாத்தியாரே."

அதைச் சொல்லும்போது சாமி சீடரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, மாடத்தில் ஒன்பது நாளாகக் கவிழ்ந்து கிடந்த, பால் வாங்கும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார்.

"வாங்க, பால் வாங்கீட்டு வரலாம்."

மரகதத்தின் வீட்டு முன்னால் மாலைப் பால் ஊற்றும் நேரம். வழக்கமாக மாடு வைத்திருக்கும் இருபத்திரண்டு பேர் பால் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். அன்று நான்கு பேர்தான் நின்றார்கள். அவர்களும் வேறு இடத்தில் ஊற்ற வழியில்லாதவர்கள்.

மரகதம் முதல் ஆளின் பாத்திரத்தில், பாலின் தரம் பார்க்கும் பால்மானியை விட்டாள். கண்ணாடிக் குழல் ஆடி நிலைக்கும் வரை காத்திருந்து, குனிந்து கோட்டைப் பார்த்து, அதன் பிறகுதான் பாலைக் கேனில் ஊற்றினாள். இரண்டாவது ஆள் அவளுடைய சொந்தக் கொழுந்தனார். அவருக்கும் அதே மானிதான்.

குருவும் சீடரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். அவள் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் பகையாளி வாசலுக்கு வந்தாலும் 'வாங்க' என்ற சொல் முதலில் வந்துவிடும். அன்று வரவில்லை.

நான்கு பேரும் ஊற்றி முடித்தார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

"மரகதம்," என்றார் சென்னியப்பன். "நான் தப்புப் பண்ணீட்டேன்."

"தெரியுமுங் சார்."

"பொய்யின்னு தெரிஞ்சு போடலம்மா. உண்மை எதுன்னு அவரவர் சிந்திக்கணும்னு கீழ எழுதித்தான் போட்டேன்."

மரகதம் பால்மானியைத் தண்ணீரில் அலசினாள்.

"இந்த வாசலுக்கு ஆரு பால் கொண்டாந்தாலும் மானி போடாம நான் கேன்ல ஊத்தறதில்லீங் சார். எங்கம்மா கொண்டாந்தாலும் போடுவேன். ஒருத்தரு பாலு கெட்டிருந்தா இருபத்திரண்டு பேரு பாலும் சேந்து போயிருமுங்க. நீங்க மானி போடாமக் கேன்ல ஊத்தீட்டு, குடிக்கறவங்க பாத்துக் குடிங்கன்னு எழுதி வெச்சீங்க."

சென்னியப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாள் என்று அவளைக் கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிறுத்தியது அவர்தான். ஒரு மணி நேரம் நிறுத்தியது அப்போது ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஓட்டுப் போனாப் போகுதுங் சார்," என்றாள் மரகதம். "என்ற புள்ளையப் பள்ளிக்கூடத்துல பவுடர்னு கூப்புடறாங்க. நேத்தும் அழுதுட்டு வந்தா."

சாமி தூக்குப்போசியை நீட்டினார். "அரை லிட்டர் குடும்மா."

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு அளவுக் குவளையைக் கேனுக்குள் விட்டு எடுத்தாள். வியாபாரிதானே, கேட்டவருக்குக் கொடுக்கும் கை. பால் போசியில் விழப்போகும் நேரத்தில் சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார்.

குவளை அந்தரத்தில் நின்றது.

"எதுக்குங் சார் போனு?"

"சாமி உன்ற பாலை வாங்கி இங்கயே குடிக்கறத ஒரு போட்டோ எடுத்துக் குழுவுல போட்டர்றேன். நாளைக்கு ஊரே நம்பிரும். இருபத்திரண்டு பேரும் திரும்பி வந்துருவாங்க."

மரகதம் குவளையிலிருந்த பாலைத் திரும்பக் கேனுக்குள்ளேயே ஊற்றினாள்.

"வேண்டாமுங்."

"உன்ற நல்லதுக்குத்தானம்மா..."

"சாமி குடிச்சாருன்னு நம்புவாங்க. இன்னொரு நாள் சாமி துப்பறாப்பல ஒரு படம் வந்தா அதையும் நம்புவாங்க. என்ற பாலு நல்ல பாலுன்னு உங்க ரெண்டு பேரு வாயிலயா இருக்குது? மானி இங்க இருக்குது. வேணுங்கறவங்க வந்து போட்டுப் பாக்கட்டும்."

அவள் கேனை மூடினாள். நான்கு பேரும் சென்னியப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அவருடைய மாணவன். அவன் வேட்டி மடித்துக் கட்டியபடியே இருந்தது.

இருவரும் காலிப் போசியோடு திரும்பி நடந்தார்கள். பாதி தூரம் போனதும் சென்னியப்பன் கேட்டார்.

"சாமி, அந்தக் குழுவையே அழிச்சிரட்டுங்களா?"

"அழிச்சா நான் சொல்லாததெல்லாம் நான் சொன்னதாவே நின்னுரும்."

"அப்ப நாளைக்குக் காலையில சாமியே ரெண்டு வார்த்தை பேசுங்க. பதிவு பண்ணிப் போட்டர்றேன்."

சாமி நின்று அவரைப் பார்த்தார். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் நடந்தார்கள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை," என்றார் சாமி. "நாப்பது அம்பது பேர் வருவாங்க. அங்கமுத்து வேண்டாம். காப்பிய நீங்க ஊத்துங்க."

"செரிங்க."

"வரக்காப்பிதான். மரகதம் தானாக் குடுக்கற அன்னைக்குத்தான் நமக்குப் பாலு."

"செரிங்க."

"பால் ஏன் இல்லைன்னு சொல்லி ஊத்துங்க."

சென்னியப்பனின் நடை தளர்ந்தது. "என்னன்னு சொல்றதுங்க?"

"எங்கிட்டச் சொன்னதை. ஹிந்தி எழுத்தை, முப்பத்தேழு ஓட்டை, பள்ளிக்கூடத்துல அந்தப் புள்ளைக்கு வெச்ச பேரை. அப்பறம் மாசி பதினாலை. நான் தலைய ஆட்டுனதையும் சேத்துச் சொல்லுங்க. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்."

"வர்றவங்க பூரா என்ற பையனுகங்க, சாமி. நாப்பது வருசமா நான் சொன்னதக் கேட்டவங்க."

"தெரியும்."

மடம் கண்ணுக்குத் தெரிந்தது. கொட்டகையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் நாற்பது பேர் வந்து வரக்காப்பி குடித்துவிட்டுப் போனதாகக் கிளம்பும்போது அங்கமுத்து சொல்லியிருந்தான். ஒருவர்கூடப் பால் எங்கே என்று கேட்கவில்லையாம். சென்னியப்பனின் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டும்விட்டார்.

"கேக்கறவங்களுக்கு மட்டும் சொன்னாப் போதுமுங்களா?"

சாமி உள்ளே போய்க் காலிப் போசியை மாடத்தில் கவிழ்த்தார். அடுப்பிலிருந்த காப்பிச் சட்டியை எடுத்துவந்து சென்னியப்பனின் கையில் கொடுத்தார். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, வருகிறவர்கள் உட்காரும் பாயில் போய் உட்கார்ந்தார்.

டம்ளரை நீட்டினார்.

"ஒம்பது நாள் கேக்காமக் குடிச்சவன் இங்க உக்காந்திருக்கறேன். எனக்கு ஊத்துங்க, வாத்தியாரே. ஊத்தீட்டு, மொதல்ல இருந்து சொல்லுங்க."